பதினொன்று பத்துக்குத் திணறும் கம்ப்யூட்டர்

3

“என் கம்ப்யூட்டருக்குள்ள யாரோ இருக்காங்க, மேடம்.”

“வாடகை தர்றாங்களா?” என்றான் ரேடியோ.

சர்வேயர் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். ரேடியோ வாயை மூடிக்கொண்டான். அந்த வாய் மூடினால் அதிகபட்சம் மூன்று நிமிஷம் தாங்கும்.

சர்வேயர் என்பது பட்டப்பெயர்தான். பதினெட்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் மோதிய லாரிகளையும் அளந்து, எது விபத்து எது நாடகம் என்று பிரித்துச் சொன்னவள். வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் ஆபீஸ் திறந்த பிறகும் பெயர் விடவில்லை. ரேடியோவுக்கு வயது நாற்பத்திரண்டு. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்து, வந்தவர்களிடம் பேசிப் பேசியே கடையை மூடியவன்.

அந்தக் கடையின் பழைய வாடிக்கைக்காரன்தான் இப்போது எதிரே உட்கார்ந்திருந்தான். இருபத்து நாலு வயசு. ஆன்லைன் துப்பாக்கி விளையாட்டில் அவன் பெயர் கழுகு. நேரில் நனைந்த கோழிக்குஞ்சு.

“முதல்லேர்ந்து சொல்லு,” என்றாள் சர்வேயர்.

“எங்க மாமா, அக்கா வீட்டுக்காரர், போன லீவுல வந்தப்ப பார்த்துப் பார்த்து அசெம்பிள் பண்ண மெஷின் மேடம். பதினாறு கோர்.”

“அதாவது ஒரே ஆபீஸ்ல பதினாறு பேர் உக்காந்து வேலை பாக்குறாங்கன்னு வெச்சுக்கங்க,” என்று ரேடியோ விளக்கினான். “நம்ம ஆபீஸ்ல ஒண்ணரை பேர். அரை யாருன்னு நான் சொல்ல மாட்டேன்.”

“அப்படிப்பட்ட மெஷின்ல கேம் திணறுது. ஓடிட்டே இருக்கறவன் அப்படியே நின்னுடறான். நான் சுடறதுக்குள்ள என்னைச் சுட்டுடறாங்க. மூணு கடையில காட்டிட்டேன். ஒருத்தர் தூசுன்னார். ஒருத்தர் கிராஃபிக்ஸ் கார்டை மாத்துன்னார். ஒருத்தர் கண் டாக்டரைப் பாருன்னார்.”

“டீம்ல என்ன சொல்றாங்க?”

“எவ்வளவு நேரம், எப்பெப்ப திணறுதுன்னு எழுதி வைன்னு கேப்டன் சொன்னான். நாப்பத்தோரு நாளா எழுதறேன். முன்னாடி ராத்திரிதான் பிராக்டிஸ், அப்ப ஒரு தொல்லையும் இல்ல. காலைக்கு மாத்தினதுலேர்ந்துதான் இந்த இம்சை.”

நோட்டை நீட்டினான். சர்வேயர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிப் பார்த்தாள். 11.10, இருபது நிமிஷம். 11.12, பதினாலு நிமிஷம். 11.09. 11.10. 11.11. பக்கம் பக்கமாக அதே கதை.

அவள் விரல் நின்றது.

“தூசு கடிகாரம் பார்த்து அடைக்காது,” என்றாள். “சூடு பதினொன்று பத்துக்கு வந்து பதினொன்றரைக்கு டாட்டா காட்டிட்டுப் போகாது. இது மனுஷன் பண்ற வேலை.”

கழுகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“நேத்து இன்னொண்ணு நடந்துச்சு மேடம். கேம் திணறும்போது ஹெட்போன்ல மூச்சு விடற சத்தம் கேட்டுது.”

“டீம்ல எவனாவது மைக்கை மூடாம கொட்டாவி விட்டிருப்பான்,” என்றான் ரேடியோ.

“நானும் அப்படித்தான் நெனச்சேன். ஒவ்வொருத்தனா ம்யூட் பண்ணிட்டே வந்தேன். அஞ்சு பேரையும் பண்ணிட்டேன்.” அவன் குரல் இறங்கியது. “மூச்சு மட்டும் நிக்கல.”

ரேடியோ பாக்கெட்டில் ஸ்க்ரூடிரைவர் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தான்.

சர்வேயர் மணியைப் பார்த்தாள். ஒன்பது ஐம்பது.

“வண்டியை எடு.”

* * *

மாடி வைத்த சின்ன வீடு. கீழே முன்னறை முழுக்க பள்ளிக்கூட யூனிஃபார்ம் துணி. நீலம் ஒரு மலை, வெள்ளை ஒரு மலை. நடுவில் தையல் மெஷினில் குனிந்திருந்தவள் கழுகின் அக்கா. முப்பது வயதிருக்கும். வாயில் இரண்டு குண்டூசி.

“கம்ப்யூட்டர் பாக்க வந்திருக்காங்கக்கா.”

அவள் ஊசிகளை எடுத்துவிட்டுச் சிரித்தாள். “வாங்க. இதுவே நாலாவது டாக்டர். இவன் தோத்தா மெஷினைத் திட்டுவான், ஜெயிச்சா தன்னைப் புகழ்ந்துப்பான்.”

மாடி அறையில் திரைச்சீலை இழுத்துவிட்டிருந்தது. மேஜைக்கடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் நீல விளக்குகள் சுழன்றுகொண்டிருந்தன. யாரும் தொடாமலே.

“எப்பவும் ஓடிட்டே இருக்குமா?” என்றாள் சர்வேயர்.

“அணைக்கவே கூடாதுன்னு மாமா சொல்லியிருக்கார். அடிக்கடி அணைச்சு அணைச்சுப் போட்டா கெட்டுடுமாம்.”

“எப்ப சொன்னார்? லீவுல வந்தப்பவா?”

“இல்ல. ரெண்டு மாசம் முன்னாடி, போன்ல.”

ரேடியோ தரையில் மல்லாந்து பெட்டிக்குள் தலையை விட்டான். தூசு இல்லை. ஃபேன்கள் ஒழுங்கு. மானிட்டர் வயர் சரியான இடத்தில்தான் சொருகியிருந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற செட்டிங் எதுவும் போடவில்லை. கேமை ஓடவிட்டார்கள். வெண்ணெய் மாதிரி ஓடியது.

“இதுக்கு நோயே இல்ல மேடம். என்னைவிட ஆரோக்கியமா இருக்கு.”

“பதினொன்று பத்து வரைக்கும் பொறு.”

பொறுத்தார்கள். கீழே தையல் மெஷின் தடதடத்து, நின்று, மறுபடி தடதடத்தது. ரேடியோ திரையின் ஓரத்தில், மெஷின் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்திருந்தான். பதினாறு சின்னக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு கோர், ஒவ்வொன்றிலும் சோம்பேறிக் கோடு ஒன்று தரையோடு தரையாக.

11.08.

11.09.

11.10.

ஒன்றும் இல்லை. ரேடியோ பெருமூச்சு விட்டான். “இன்னிக்கு லீவு போல.”

அவன் வாயை மூடுவதற்குள் பத்துக் கட்டங்கள் ஒரே நேரத்தில் எகிறின. கேமில் ஓடிக்கொண்டிருந்தவன் தூக்கிய காலோடு நின்றான். பெட்டிக்குள் ஃபேன்கள் ஊளையிட ஆரம்பித்தன.

கழுகு ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் போட்டான். தேள் கொட்டின மாதிரி.

“ஒரு ப்ரோக்ராம் தானா எழுந்துக்கிச்சு,” என்று ரேடியோ கிசுகிசுத்தான். “பத்துக் கோரையும் வளைச்சுப் போட்டிருக்கு. எதுக்குன்னு…”

சர்வேயர் கையை உயர்த்தினாள். அவள் திரையைப் பார்க்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

கீழே தையல் மெஷின் நின்றது. ஒரு போன் ஒலித்தது.

“சொல்லுங்க,” என்று அக்காவின் குரல் மாடிப்படி ஏறி வந்தது. சந்தோஷமான குரல். “சாப்பிட்டீங்களா? இன்னிக்காவது கடல் அமைதியா இருக்கா?”

சர்வேயர் மணியைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.

பதினேழு நிமிஷம் கழித்து, “சரிங்க, உடம்பைப் பாத்துக்கங்க,” என்று கீழே போன் அடங்கியது.

பத்துக் கட்டங்களும் பொத்தென்று தரைக்கு விழுந்தன. கேமில் நின்றவன் தூக்கிய காலைக் கீழே வைத்து ஓட ஆரம்பித்தான்.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“தற்செயல்,” என்றான் ரேடியோ. அவன் குரலிலேயே அதை நம்பும் உத்தேசம் இல்லை.

* * *

“உங்க போனைக் கொஞ்சம் காட்டுறீங்களா?” சர்வேயர் சாதாரணமாகத்தான் கேட்டாள். “இன்டர்நெட் கால் வந்தா உங்க தம்பியோட கேம் திணறுதோன்னு ஒரு சந்தேகம்.”

அக்கா நீட்டினாள். சர்வேயர் கழுகின் நோட்டைப் பக்கத்தில் விரித்தாள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அவளுடைய ஒரே வித்தை இதுதான். இரண்டு பேர் தனித்தனியே எழுதின இரண்டு நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. மிச்சத்தை நோட்டுகளே பேசிக்கொள்ளும்.

நோட்டில் 11.09, பதினெட்டு நிமிஷம். போனில் 11.09, பதினெட்டு நிமிஷம்.

நோட்டில் 11.12, பதினாலு. போனில் 11.12, பதினாலு.

நாற்பத்தோரு நாள். ஒன்றுகூடப் பிசகவில்லை.

“வீட்டுக்காரர் கப்பல்லயா?”

“எலக்ட்ரிகல் ஆபீசர். போய் ஏழு மாசமாச்சு.”

“அடிக்கடி வீடியோவுல வருவாரா?”

“முன்னாடி வருவார். இப்ப ரெண்டு மாசமா கேமரா கெட்டுப்போச்சாம். நான் கூப்பிட்டாலும் எடுக்க முடியாதாம். அவரே தினமும் பதினொரு மணிக்கு மேல கூப்பிட்டுடறார்.” அவள் வெட்கத்தோடு சிரித்தாள். “அதுக்கென்ன, குரல் முன்னைவிட நல்லா கேக்குது.”

“நல்லான்னா?”

“போன லீவுலயெல்லாம் தொண்டை கட்டிட்டே இருக்கும். நாலு வார்த்தைக்கு ஒரு தரம் கனைப்பார். இப்ப சுத்தமா இல்ல. கல்யாணமான புதுசுல பேசின மாதிரியே பேசறார்.”

சர்வேயர் தலையாட்டினாள்.

“இப்ப என்ன சொன்னார்?”

“ஒரு மணிக்குக் கம்பெனி ஏஜென்ட் வருவாராம். பீரோவுல இருக்கற இன்ஷூரன்ஸ் ஃபைலை எடுத்துக் குடுத்துடுன்னார். எதுக்குங்கன்னா, புதுப்பிக்கணும்னார்.”

பதினெட்டு வருஷ அனுபவம் சர்வேயரின் மண்டைக்குள் ஒரே நேரத்தில் எழுந்து நின்றது. இன்ஷூரன்ஸ் ஃபைல். முகம் காட்டாத கணவன். தேய்ந்துபோன குரல் திடீரென்று புதுசாவது.

“ஒரு நிமிஷம், மாடில என் ஆள் கூப்பிடறான்,” என்றாள். யாரும் கூப்பிடவில்லை.

மாடியில் ரேடியோ நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் ஜோக் எதுவும் மிச்சமில்லை.

“வெளியேர்ந்து ஒரு ஆள் தினமும் இந்த மெஷினுக்குள்ள வந்து போறான் மேடம். பூட்டை உடைக்கல. சரியான பாஸ்வேர்டு போட்டுத்தான் வர்றான். அது மாமாவோட பாஸ்வேர்டு.”

“வந்து?”

“குரலை மாத்தறான். அந்தப் பக்கம் எவன் வேணா பேசலாம். பேச்சு இந்த மெஷினுக்கு வந்து, வேற ஒருத்தர் குரலா மாறி, கீழே அக்கா போனுக்குப் போகுது. மாத்தறதுக்குத்தான் பத்துக் கோர்.” அவன் ஒரு ஃபோல்டரைத் திறந்தான். “யார் குரலா மாறுதுன்னா… நீங்களே கேளுங்க.”

நானூற்றுச் சொச்சம் ஒலித் துண்டுகள். ஒன்றை அழுத்தினான்.

“மச்சான், பின்னாடி பாரு! பின்னாடி பாருடா!” ஒரு ஆண் குரல் கத்திவிட்டு வெடித்துச் சிரித்தது.

கழுகு சுவரோடு ஒட்டிக்கொண்டான். “அது மாமா. லீவுல நாங்க சேர்ந்து விளையாடினது. கேம்ல பேசினதையெல்லாம் யாரோ வெட்டி வெட்டி…”

“கனைப்பையெல்லாம் வெட்டி எறிஞ்சுட்டு, இவர் மாதிரியே பேச மெஷினுக்கு டியூஷன் எடுத்திருக்காங்க,” என்றான் ரேடியோ.

“அப்ப மாமா எங்கே?”

ஒருத்தனின் பாஸ்வேர்டு இருக்கிறது, குரல் இருக்கிறது, இப்போது அவனுடைய இன்ஷூரன்ஸ் காகிதமும் வேண்டுமாம். ஆள் உயிரோடு இருந்தால் இவ்வளவையும் வெளியாள் சுமக்க வேண்டியதில்லை.

“மேடம், சொல்லுங்க. மாமா…”

“செத்துட்டாரா?”

கேட்டது கழுகு இல்லை. அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கழுத்தில் அளவு டேப் தொங்கியது. அதன் இரண்டு நுனியும் நடுங்கிக்கொண்டிருந்தன.

“அந்தச் சிரிப்பை இன்னொரு தரம் போடுங்க,” என்றாள்.

ரேடியோ போடவில்லை.

“ரெண்டு மாசமா…” அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “ரெண்டு மாசமா நான் யார்கிட்ட பேசிட்டிருக்கேன்? அவன்கிட்ட என்னென்ன சொல்லியிருக்கேன்…”

“தெரியலம்மா,” என்றாள் சர்வேயர். “பொய் சொல்ல மாட்டேன். தெரியல. ஆனா ஒரு மணிக்குள்ள தெரிஞ்சாகணும். வர்றவன் ஃபைலைத் தேடி மட்டும்தான் வர்றானான்னு நமக்குத் தெரியாது.”

11.52.

* * *

“அவனை மறுபடி கூப்பிட வைக்கணும்,” என்றாள் சர்வேயர். “‘ஃபைல் கிடைக்கல, உடனே கூப்பிடுங்க’ன்னு மெசேஜ் போடுங்க. அதுக்கு மேல ஒரு எழுத்து வேண்டாம்.”

அக்கா அனுப்பினாள். மூன்று தரம் தப்பாக அடித்து, நாலாவது தரம்.

“அவன் கூப்பிட்டா?” என்றான் கழுகு.

“முகமூடியைக் கழட்டுவோம். ரேடியோ, மெஷின் திணறினா கேம் நின்னுடுது. அப்ப கேம் அவனைத் திணற வெச்சா?”

ரேடியோ நிமிர்ந்தான். “அட! இத்தனை நேரமா நாம அவன் கழுத்தை விட்டுட்டு நம்ம கழுத்தையே தடவிட்டிருந்தோம்.” விரல்கள் கீபோர்டில் ஓடின. “இந்த ப்ரோக்ராம்ல ஒரு செட்டிங் இருக்கு. மாத்த முடியாம மூச்சு முட்டினா, வந்த குரலை அப்படியே அனுப்பிடும். கால் கட் ஆகக் கூடாதுன்னு போட்டு வெச்சிருக்கான். நேத்து ஹெட்போன்ல கசிஞ்ச மூச்சும் அவனோடதுதான். பதினாறு கோரையும் நாம நிரப்பிட்டா அவன் நிஜக் குரல் வெளிய வந்துடும்.” திடீரென்று நெற்றியைச் சுருக்கினான். “இது என்ன கூத்து?”

“என்ன?”

“ரெண்டு மாசம் முன்னாடி ஒரு விதி எழுதியிருக்கான். கேம் ஓடினா ஆறு கோர் கேமுக்கு, அதைத் தொடக்கூடாதுன்னு. கேமோட புது பதிப்புக்கு ஆறு பத்தல, அதான் திணறுது. ஆனா அவன் ஒதுக்கியிருக்கான் மேடம். ஒழுங்கா பங்கு பிரிச்சு ஒதுக்கியிருக்கான்.”

சர்வேயர் மெல்ல உட்கார்ந்தாள். “இவன் விளையாட்டு கெட்டுடக்கூடாதுன்னு கவலைப்படற திருடனை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல.”

“நல்ல குடும்பத்துத் திருடன் போல.”

“விதியை அழிச்சுடு. கழுகு, கேமைத் திற. எவ்வளவு பெரிய சண்டை முடியுமோ அவ்வளவு பெரிய சண்டை. ரேடியோ, உன்னால எதையெல்லாம் ஓட்ட முடியுமோ எல்லாத்தையும் தயாரா வை. நான் படிக்கட்டுல நின்னு கையைக் கீழே இறக்கினா ஆரம்பி.”

கீழே இறங்கும்போது அக்கா அவள் முழங்கையைப் பிடித்தாள். “எனக்குப் பேச வராது.”

“சும்மா ‘ம்’ கொட்டுங்க போதும்.”

பத்து நிமிஷம் போனது. தெருவில் ஏதோ ஒரு வண்டி வந்து மெதுவானது. இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். வண்டி போய்விட்டது.

மாடியில் ஃபேன்கள் ஊளையிட்டன. போன் ஒலிப்பதற்கு முன்னாலேயே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. உடம்பு தூக்கிப் போட்டது.

ஒலித்தது. சர்வேயர் ஸ்பீக்கரை அழுத்தினாள்.

“என்னம்மா, ஃபைல் கிடைக்கலையா?” நல்ல கணீரென்ற குரல். பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி. “பீரோவுல இடது பக்கம், துணிக்கு அடியில பாரு.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அதே குரல். சாப்பிட்டாயா என்று தினமும் கேட்ட குரல். அதைக் கேட்டுக் குலை நடுங்குவது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

“ம்…”

“என்ன ஆச்சு? குரல் ஒரு மாதிரி இருக்கு?”

சர்வேயர் படிக்கட்டுக்குப் போய்க் கையை இறக்கினாள்.

மாடியில் துப்பாக்கிகள் வெடித்தன. பெட்டி விமானம் கிளம்புவதுபோல் இரைந்தது. போனில் குரல் வழுக்கியது. “உடம்… உடம்பு… சரிய… ய… ய…” வார்த்தை தகரம் கிழிவதுபோல் கிழிந்தது. அப்புறம் மௌனம்.

அந்த மௌனத்துக்குள்ளிருந்து மூச்சு வந்தது.

ஹெட்போனில் கழுகு கேட்ட அதே மூச்சு. ஒரு ஓட்டை வழியாகக் காற்று போய் வருகிற சத்தம். அதன் மேல், குரலே இல்லாத ஒரு கிசுகிசுப்பு.

“ஹலோ… கேக்குதா…”

அக்கா பின்வாங்கி நீலத் துணி மலையில் மோதிக்கொண்டாள். சர்வேயருக்குப் போனைத் தூக்கி எறியத் தோன்றியது. கை மறுத்தது.

தூரத்தில் ஒரு பெண் குரல்: “பதினேழாம் பெட், பேசக்கூடாதுன்னு எத்தனை தரம் சொல்றது?”

கப்பலில் பெட்டுக்கு எண் கொடுத்து இப்படி யாரும் அதட்டுவதில்லை.

கிசுகிசுப்பு அதைக் கண்டுகொள்ளவில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்துத் தனக்குத்தானே முணுமுணுத்தது. “மச்சான் கேமைத் திறந்துட்டான் போல… இந்நேரத்துக்கு ஏன் திறந்தான்… ஆறு போட்டு வெச்சேனே… எட்டா மாத்தணும்…”

சர்வேயரின் கண்கள் விரிந்தன. ஆறு கோரை ஒதுக்கியவன். சரியான சாவி போட்டுத் திறந்தவன். போன லீவில் நாலு வார்த்தைக்கு ஒரு தரம் கனைத்தவன்.

முகமூடி மாட்டிக்கொண்டிருந்தவனும் அந்த முகத்துக்குச் சொந்தக்காரனும் ஒரே ஆள்.

“அம்மா,” என்றாள் தாழ்ந்த குரலில். “அவரோட குரலை யாரும் திருடல. அவர்கிட்டயே இப்ப அது இல்ல. பழசை எடுத்துப் போட்டுட்டு வந்திருக்கார்.”

அக்கா ஒரு கணம் புரியாமல் பார்த்தாள். அடுத்த கணம் போனைப் பிடுங்கினாள்.

“என்னங்க.”

மூச்சு நின்றது.

“லைன் கட் ஆகல. எனக்குக் கேக்குது. நீங்க எப்படிப் பேசறீங்களோ அப்படியே கேக்குது.”

மாடியில் கழுகு யாரையோ கண்மண் தெரியாமல் சுட்டுக்கொண்டிருந்தான். பிறகு அந்தக் கிசுகிசுப்பு, ஒவ்வொரு வார்த்தையாகக் காற்றிலிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டு வந்தது.

“பயந்துட்டியா?”

“இப்ப வரைக்கும் பயந்தேன்.”

“கப்பல்லயே ஒரு நாள் ரத்தம் வந்துச்சு. இறக்கி விட்டுட்டாங்க. தொண்டையில கட்டி. குரல்வளையில பாதியை எடுத்தாங்க. இந்தச் சத்தத்தோட உன்கிட்ட எப்படி…” மூச்சு. “நீ பேய்னு நெனச்சுக் கட் பண்ணிடுவே.”

“பேய்னுதான் நெனச்சேன். கட் பண்ணேனா?”

சர்வேயர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எரிந்த கடைகளைப் பார்த்த கண்ணுக்கு இதைப் பார்க்கத் தெம்பில்லை.

“ஃபைல் எதுக்கு?” என்றாள் அக்கா.

“அது என் ஆஸ்பத்திரிச் செலவுக்கு எடுத்த பாலிசி. நாளைக்குக் காலைல ஆபரேஷன். பாதி பத்தலயாம். முழுசா எடுத்துடுவாங்க.” மூச்சு. மறுபடி மூச்சு. “அப்புறம் இதுவும் இருக்காது. மெஷினுக்குக் குடுக்கக்கூட ஒண்ணும் இருக்காது. அதான் இன்னிக்கு நல்லா பேசிடணும்னு நெனச்சேன். நல்ல குரல்ல.”

“ஏஜென்ட்டை வர வேண்டாம்னு சொல்லுங்க. ஃபைலை நான் கொண்டு வர்றேன்.”

“வேண்டாம்மா. தொண்டையில குழாய் வெச்சிருக்காங்க. நீ பாத்தா…”

“எந்த ஆஸ்பத்திரி?”

“வேண்டாம்…” என்றது கிசுகிசுப்பு.

“இங்க பாருங்க, ரெண்டு மாசம் மெஷினை நம்பினீங்க, என்னை நம்பல. அந்தச் சண்டையை நேர்ல வெச்சுக்கறேன். எந்த ஆஸ்பத்திரி? எந்த ஊர்? எத்தனாவது மாடி?”

அதே பெண் குரல் அங்கே இன்னும் கிட்டத்தில் வந்தது. “போனைக் குடுங்க சார். குடுங்கன்னா!”

“சீக்கிரம்!” என்று கத்தினாள் அக்கா.

கிசுகிசுப்பு அவசர அவசரமாகச் சொல்லத் தொடங்கியது. பாதி வார்த்தை காற்றாகவே போயிற்று. அக்கா காகிதம் தேடினாள். கிடைக்கவில்லை. மேஜையில் விரித்திருந்த வெள்ளைத் துணியில், சட்டைக்குக் கோடு போடும் நீலச் சாக்பீஸால் கிறுக்கினாள். ஊர், ஆஸ்பத்திரி, வார்டு, பெட். திரும்பச் சொல்லச் சொல்லி ஒவ்வொன்றையும் சரிபார்த்தாள்.

லைன் போய்விட்டது.

மாடிப்படியில் கழுகின் தலை தெரிந்தது. பின்னால் ரேடியோ. “நிறுத்திடலாமா மேடம்? மெஷின் அடுப்பு மாதிரி கொதிக்குது. என்ன ஆச்சு? ஆள் யாரு?”

“உன் மாமாதான்,” என்றாள் அக்கா தம்பியிடம். “உயிரோட இருக்கார். நாளைக்குக் காலை வரைக்கும் அவரால கொஞ்சம் பேசவும் முடியும்.”

சர்வேயர் சாக்பீஸ் எழுத்தைப் படித்தாள். மனசுக்குள் தூரத்தைக் கணக்குப் போட்டாள். இப்போதே கிளம்பினால் பொழுது விடிவதற்குள் போய்விடலாம், வழியில் எதுவும் கெடாவிட்டால்.

“ரேடியோ, வண்டியில டீசல் இருக்கா?”

“இருக்கு மேடம்.”

“வழி முழுக்கப் பேசிட்டே வா. யாரும் யோசிக்கக் கூடாது.”

அக்கா பீரோவிலிருந்து ஃபைலை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். நாலு சட்டைக்கான துணி அது. குறுக்கே கத்தரியை ஓட்டி, எழுதின துண்டை மட்டும் வெட்டி எடுத்து, எழுத்து அழியாதபடி மடிக்காமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, செருப்பு போடாமல் வண்டியை நோக்கி ஓடினாள்.